மூடி போட்ட நகவெட்டி

ராத்தா,

சலாம் சொல்லித் தொடங்குவதுதான் முறை. சொல்லிவிட்டேன். இனி ஏசப் போகிறேன்.

இன்று காலை கடையைத் திறந்து, யாரோ தொலைத்த சாவிக்கு மறுதிறப்பு வெட்டிக்கொண்டிருந்தேன். உன் மாப்பிள்ளை, என் மச்சான், வந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து கைலேஞ்சியை எடுத்து என் மேசையில் வைத்து நாலு மூலையையும் விரித்தார். உள்ளே உன் நகவெட்டி. பால்மாப் பேணித் தகரத்தில் நீயும் நானும் மூடி செய்து போட்டது. பேணியின் மஞ்சள் நிறம் ஒரு பக்கத்தில் இன்னும் போகவில்லை. நீ இறந்து, உனக்குக் கத்தம் ஓதிய நாளுக்குப் பிறகு நான் அதைக் காணவில்லை. எங்கேயோ தொலைந்துவிட்டது, நல்லது என்று இருந்தேன்.

"தம்பி, இது மழுங்கிப் போயித்து. கொஞ்சம் தீட்டித் தா."

"என்னத்துக்கு?"

"என்னத்துக்கா? கால் நகம் வெட்டத்தான். அவ இரிக்கக்குள்ள அவதான் வெட்டி உடுவா. இப்ப ஆரு இரிக்கா? எனக்குக் குனியவும் ஏலாது. கதிரையில காலத் தூக்கி வெச்சி, ஒரு மாதிரி தடவித் தடவி வெட்டிக்குவன். இது மூடி போட்டதுதானே, ஒண்டும் சிந்தாது."

போகத் திரும்பியவர், மறந்துபோன கதை ஒன்றைச் சொல்வது போல, "எனக்கும் சீனி வருத்தமாம். போன கிழம கிளினிக்கில சொன்னாங்க" என்றார்.

பின்னேரம் வரச் சொல்லி அனுப்பிவிட்டேன். நகவெட்டி என் முன்னால் கிடக்கிறது. தீட்ட ஐந்து நிமிடம் போதும். தீட்டிக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதை அவரிடம் சொல்லக் கூடாது என்று என் வாயைக் கட்டிவிட்டுப் போனவள் நீ. அவர் மீது எனக்கு இருக்கும் ஆத்திரத்துக்கு, பேசாமல் தீட்டிக் கொடுத்துவிட்டு என் வேலையைப் பார்க்கலாம் என்றும் மனம் சொல்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் என்னைக் கொண்டுவந்து விட்டிருக்கிறாய்.

இது எங்கே தொடங்கியது என்று உனக்கு நினைவிருக்கும். அது ஒரு வெள்ளிக்கிழமை. உன் தையல் மெசினில் ஏதோ இறுகிப் போனதென்று என்னைக் கூப்பிட்டிருந்தாய். மச்சான் அசர் தொழப் பாயை விரித்தார். நெற்றி வைக்கும் இடத்தில் ஒரு நகத்துண்டு. கூரை விழுந்தது மாதிரி ஒரு சத்தம் போட்டார்.

"ஊட்டுக்குள்ள நகம் கெடந்தா பரக்கத்து இரிக்குமா? சுத்தம் ஈமானில பாதி எண்டு எத்தின தரம் சொல்ற உனக்கு!"

மற்றப் பாதியை நான் அவரிடம் இதுவரை கண்டதில்லை, அது வேறு கதை. அந்த நகத்தை நானும் பார்த்தேன். கால் பெருவிரல் நகம், தேங்காய்ச் சிரட்டைத் துண்டு போலத் தடிப்பு. அது உன்னுடையது அல்ல. காலையில் நீ குந்தியிருந்து அவருக்கு வெட்டிவிட்டபோது பறந்தது. வாப்பா உனக்குக் கட்டிக் கொடுத்த வீட்டில், உன் சொந்த நிலத்தில் நின்றுகொண்டு, அவருடைய நகத்துக்காக நீ ஏச்சு வாங்கினாய். நீ ஒரு வார்த்தை திருப்பிச் சொல்வாய் என்று நான் திருப்பாணியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நீ என்ன செய்தாய்? நகத்தைப் பொறுக்கி, முருங்கைக்கு அடியில் மண்ணுக்குள் தாட்டுவிட்டு வந்து, சிரித்துக்கொண்டு, "மெய்தான் தம்பி, இது எங்கால பாயுதெண்டே விளங்குதில்ல" என்றாய். அடுத்த நாள் நகவெட்டியும் கையுமாகக் கடைக்கு வந்துவிட்டாய். ஊரெல்லாம் பெண்களுக்கு அபாயா தைத்தவள் நீ. அளவெடுத்துத் தைப்பது உன் தொழில்தான், ஒத்துக்கொள்கிறேன். ஏச்சுக்குமா அளவெடுப்பார்கள்?

ஆனால் நீ அதில் இறங்கிய விதம் இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. சிரிப்பு வந்த உடனே ஆத்திரமும் வருகிறது. கறுத்த அபாயாத் துணியைத் தரையில் முழுசாக விரித்து, நடுவில் என்னைக் குந்தவைத்து, என் நகத்தை ஒவ்வொன்றாக வெட்டினாய். வெள்ளைத் துண்டுகள் கறுப்பில் எங்கே விழுகின்றன என்று சோக்கட்டியால் வட்டம் போட்டாய். என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே நேரத்தில் புத்தி பிசகிவிட்டது என்று சொல்லிப் போனாள். முன்னால் பாய்வது கொஞ்சம், நகவெட்டியின் இரண்டு கன்னத்தாலும் பாய்வதுதான் அதிகம் என்று கண்டுபிடித்தது நீதான். துணியில் விழும் ஊசி பொறுக்கக் காந்தம் வைத்திருப்பாயே, அது போல ஒரு காந்தம் வைக்கலாமா என்று நான் கேட்டேன். "நகம் என்ன ஆணியாடா?" என்று நீ சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எழும்பி வந்தார்.

முதலில் மட்டையில் வெட்டிப் பார்த்தாய். பிறகு தகரம். இரண்டு கன்னத்தையும் மூடினோம். அடியில் சின்னப் பிணைச்சல் வைத்து, திறந்து கொட்டும்படி செய்தோம். கைவிரல் நகம் ஒன்றுகூட வெளியே வரவில்லை. அதோடு நிறுத்தியிருந்தால் இன்றைக்கு இந்தக் கடிதம் இல்லை. உனக்கு அவருடைய கால் நகம்தான் கண்ணில் நின்றது. தடிப்பான நகம் முன்பக்கமாகத் தெறித்துப் பாய்ந்தது. அதற்கு, வாய்க்கு முன்னால் ஒரு தகர நாக்கு வைக்கச் சொன்னாய்.

வைத்துப் பார்த்தோம். நான் அங்கேயே சொன்னேன். "ராத்தா, இது மறைக்குது. நகம் எங்க, சதை எங்க எண்டு தெரியாம எப்பிடி வெட்டுற?"

"கைக்குத் தெரியும்டா."

"கைக்குத் தெரியும். உன்ட காலுக்குத் தெரியுமா? கால் மரத்துப் போயித்தெண்டு நீதானே சொன்ன? சீனி வருத்தக்காரர் நகம் வெட்டக்குள்ள பாத்து வெட்டோணும் எண்டு கிளினிக்கில சொல்லல்லயா?"

"ஓம் ஓம், பெரிய டொக்டர்."

முன்னால் ஒரு துவாரம் வெட்டுவோம் என்றேன். அதால் பாயும் என்றாய். சோடாப் போத்தல் பிளாஸ்டிக்கில் நாக்கு வைத்தோம்; அது இரண்டு வெட்டில் வளைந்து போனது. தடிப்பான கண்ணாடிப் பிளாஸ்டிக் ஒரு துண்டு கொழும்பிலிருந்து வரச் சொல்லியிருக்கிறேன், அது வரும் வரைக்கும் இதைக் காலில் வைக்காதே என்று சொன்னேன். ஒரு தரம் அல்ல, மூன்று தரம். தலையாட்டினாய். தலையாட்டத்தான் நீ நன்றாகப் பழகியிருந்தாயே. வெள்ளிக்கிழமை வந்தது, பிளாஸ்டிக் வரவில்லை. அவருக்கு முதலில் வெட்டிவிட்டாய். அவருடைய நகம் தடிப்பு, தப்பிவிட்டார். பிறகு உன் காலை எடுத்தாய்.

அதற்குப் பிறகு நான் வீட்டுக்கு வந்த நாட்களில் நீ காலுறை போட்டிருந்தாய். என்ன ராத்தா ஊட்டுக்குள்ள மேஸ் என்று கேட்டேன். "நிலம் குளிருதுடா" என்றாய். கல்முனையில், கோடை வெயிலில், ஓடு வெடிக்கிற பகலில் நிலம் குளிர்ந்ததாம். காட்டு என்றேன். போடா, பொம்புளட காலப் பாக்க வந்துட்டான் என்று விரட்டினாய். மையித்து வீட்டில் வந்த பெண்கள் எல்லாம், பொய் சொல்லத் தெரியாத புள்ள என்று உன்னைச் சொல்லி அழுதார்கள். எனக்கு எழுந்து நின்று கத்த வேண்டும் போல இருந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் உண்மையைச் சொன்னாய். "எனக்கு ஒண்டும் விளங்கல்லடா. டக்கெண்டு சத்தம் கேட்டிச்சி, நகம் எண்டு நெனச்சன். கொட்டுறத்துக்கு மூடியத் தொறந்தாத்தான் சதையக் கண்டன்." பிறகு நீ சொன்னதை நான் என் மௌத்து வரைக்கும் மறக்க மாட்டேன். "நிலத்தில ஒரு சொட்டு ரெத்தம் சிந்தல்ல, தம்பி." அதைப் பெருமையாகச் சொன்னாய். சாமான் நன்றாக வேலை செய்ததாம்.

புண் புரையோடி, அந்த விரலை எடுத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் வலிக்கிறது என்று அழுவாய் என்று நின்றேன். "அந்த விரல எங்கடா தாட்டாங்க?" என்று கேட்டாய். நகத்தையே மண்ணுக்குள் ஒழுங்காக வைத்தவள் அல்லவா. நான் போய்க் கேட்டு வாங்கி, வெள்ளைத் துணியில் சுற்றி, மையவாடி மதிலோரம் குழி தோண்டி அடக்கினேன். பிறகு காலையும் எடுத்தார்கள். பிறகு நீயும் போனாய். உன்னைக் கொஞ்சம் கொஞ்சமாக அடக்கியவன் நான். மச்சானுக்கு, செருப்புக் கடித்த புண் என்று சொல்லி வைத்திருந்தாய்.

"அவருக்குச் சொல்லிராத தம்பி. தனக்காகச் செஞ்சதாலதான் எண்டு நெனச்சி அவர்ட மனசு வெந்திரும்."

அவருடைய மனசு! கத்தம் ஓதிய நாளில் அவர் இந்த நகவெட்டியை வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். கைக்குக் கை போனது. மாஷா அல்லாஹ், என்ன மூளை என்றார்கள். "எனக்காகத்தான் செஞ்சா" என்று அவர் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். நான் சோற்றுச் சஹனை வைத்துவிட்டு, சாப்பிடாமல் எழும்பிப் போனேன். உனக்குக் கொடுத்த வாக்கைத் தொண்டையில் வைத்துக்கொண்டு எப்படிச் சோறு இறங்கும்?

இதற்கு மேல் மஃரிப் தொழுதுவிட்டு வந்து எழுதுகிறேன். அவர் வந்து போய்விட்டார்.

சொல்லிவிட்டேன், ராத்தா. முழுவதையும் சொன்னேன். நாக்கை, சத்தத்தை, மூடிக்குள் இருந்த சதையை, செருப்புப் பொய்யை. அவர் வாசல் ஸ்டூலில் இருந்துகொண்டு மேசையில் கிடந்த நகவெட்டியையே பார்த்தார். கையால் தொடவில்லை.

"அவ எனக்கு ஒண்டுமே சொல்லல்லயே தம்பி" என்றார் கடைசியில்.

"நீங்க கேட்டீங்களா மச்சான்? ஊட்டுக்குள்ள ஒரு மாசம் மேஸ் போட்டுத் திரிஞ்சாவே, ஏன் எண்டு ஒரு நாள் கேட்டீங்களா?"

அவருடைய தாடி நனைந்தது. அவர் அழுவதை நான் இத்தனை வருடத்தில் இன்றுதான் கண்டேன். உன் ஜனாஸாவிலும் அவர் சபூர் சபூர், பொறுமையாக இருங்கள் என்று மற்றவர்களுக்குத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு இரக்கம் வரவில்லை. வந்தால் உனக்குச் சொல்லியிருப்பேன். அரத்தை எடுத்து அவர் கண் முன்னாலேயே அந்தத் தகர நாக்கையும் மூடியையும் அறுத்துக் கழற்றினேன். வெறும் நகவெட்டியைத் தீட்டினேன்.

"செருப்பக் கழட்டுங்க."

"இஞ்சையா? கடைக்குள்ளயா? சனம் பாக்கும்."

"பாக்கட்டும்."

காலைத் தூக்கி என் மடியில் வைத்தேன். நகம் அது பாட்டுக்குப் பறந்தது. திறப்புக் கொத்துக்குள் ஒன்று விழுந்தது, என் தேத்தண்ணிக் கோப்பைக்குள் ஒன்று விழுந்தது. அவர் பழக்கதோசத்தில் பொறுக்கக் குனிந்தார். சும்மா இரிங்க என்று அதட்டினேன். இருந்தார். வெட்டி முடித்துவிட்டு உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தபோது குதிக்காலில் ஒரு நெருஞ்சி முள் தலைவரை ஏறியிருந்தது. சுற்றிலும் சிவந்திருந்தது.

"நோகுதா?"

"என்னது?" என்றார்.

விரலால் அழுத்தினேன். அவருக்குத் தெரியவில்லை. முள்ளை எடுத்துவிட்டேன், நாளை கிளினிக்குக்கு நானே கூட்டிப் போகிறேன். வியாழக்கிழமை தோறும் கடைக்கு வர வேண்டும், வராவிட்டால் உன் வீட்டுக்கு வந்து நானே செருப்பைக் கழற்றுவேன் என்று சொல்லியிருக்கிறேன். வருவார். பயந்துவிட்டார்.

நீ இதைக் கேட்டுச் சந்தோசப்படுவாய், எனக்குத் தெரியும். படாதே. அவரை மன்னித்து நான் இதைச் செய்யவில்லை. நீ ஒரு நாளும் படாத கோபம் ஒன்று இருக்கிறது. அதை எல்லாம் சேர்த்து நான்தான் சுமந்துகொண்டு திரிகிறேன். அதோடுதான் அவருடைய விரல் இடுக்கு ஒவ்வொன்றையும் விரித்துப் பார்க்கிறேன். இனியும் பார்ப்பேன். ஆனால் ஒன்று கேட்கிறேன், சொல். அவருடைய காலைப் பார்க்கத் தெரிந்த எனக்கு, உன் காலைப் பார்க்கத் தெரியாதா, ராத்தா?