மூன்றாம் கோப்பும் கழற்றப்பட்ட எர்த் கம்பியும்

அனுப்புநர்:
முதுநிலைத் தொழில்நுட்பப் பணியாளர்,
எக்ஸ்-கதிர் நிறமாலை ஆய்வறை.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
தலைமை அலுவலகம், இரண்டாம் தளம்.

பொருள்: குறைக்கடத்தி அளவீட்டில் நான் கவனக்குறைவாக இருந்ததாகப் பணிப்பதிவேட்டில் எழுதிய குறிப்பை நீக்கவும், என்னைப் பொருள் கிடங்குக்கு மாற்றும் ஆணையை நிறுத்தவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்தக் கருவியைப் பதினேழு ஆண்டுகளாக இயக்கி வருகிறேன். எக்ஸ்-கதிர் பட்டதும் குறைக்கடத்தியிலிருந்து எலக்ட்ரான்கள் வெளியேறும். அவற்றின் ஆற்றலை அளந்தால், உள்ளே எந்த ஆற்றல் பட்டையில் இருந்தன என்று தெரிந்துவிடும். இது தாங்கள் அறியாததல்ல; ஆனால் கிடங்கு அலுவலரும் இம்மனுவைப் படிக்க நேரலாம் என்பதால் எழுதுகிறேன்.

2. எலக்ட்ரான்களை இழந்த மாதிரியில் மின்னூட்டம் தேங்கும். அது வடிய எர்த் கம்பி மாட்ட வேண்டும். மாட்டாவிட்டால் கருவி காட்டும் ஆற்றல் எண் இடம் மாறிவிடும். இந்த வேலைக்கு வரும் எல்லோரும் முதல் வாரத்தில் செய்யும் தவறு அது. நானும் செய்தேன், முதல் வாரத்தில்.

3. சென்ற மாதம் வெளியிலிருந்து வந்த பேராசிரியை ஒருவரின் புதிய மாதிரியை அளந்தேன். வழக்கம்போல் காலையில் தங்கத் தகட்டை அளந்து கருவியைச் சரிபார்த்தபின், மூன்று அளவீடுகள் எடுத்தேன். முதலாவது, எர்த் மாட்டி, முழுக் கதிரில். இரண்டாவது, கதிரைப் பாதியாகக் குறைத்து. மின்னூட்டம் தேங்கியிருந்தால் எண் நகர்ந்திருக்கும், இம்மியும் நகரவில்லை. இரண்டிலும் பட்டை விளிம்பு 0.8 எலக்ட்ரான் வோல்ட். மூன்றாவதற்கு நானே எர்த் கம்பியைக் கழற்றினேன். ஒவ்வொரு புதிய மாதிரிக்கும் தவறான அளவீடு எப்படியிருக்கும் என்று ஒன்று எடுத்து வைப்பது என் பழக்கம். அது 1.3 காட்டியது.

4. அளவீடுகளைச் சரிபார்க்கத் தாங்கள் அமைத்த ஆய்வுக் குழு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தது மூன்றாம் அளவீட்டின் கோப்பை மட்டுமே. எர்த் மாட்டப்படவில்லை என்று கண்டுபிடித்தது. கண்டுபிடிப்பு முற்றிலும் சரி. குழுவினரின் கூர்மையைப் பாராட்டுகிறேன்.

5. அன்றைய குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு குழுச் செயலாளரிடம் சென்றேன். "நோட்டுல யாரு என்ன வேணா எழுதலாம்மா. கம்ப்யூட்டர்ல இருக்கறதுதான் ஆதாரம்" என்றார். கம்ப்யூட்டரில் மற்ற இரண்டு கோப்புகளும் இருக்கின்றன என்றேன். அதற்குள் அவருக்குத் தொலைபேசி வந்துவிட்டது.

6. மூன்றாம் கோப்பின் பெயரில் 'எர்த் இல்லாமல்' என்று நான் எழுதாதது என் பிழை. அதற்கு என்ன தண்டனை கொடுத்தாலும் வாய் திறக்காமல் ஏற்பேன். செய்யாத பிழைக்கு மட்டும் தலை குனிய எனக்கு வராது.

7. வீட்டில் என் நாத்தனார், "ஒரு கம்பி மாட்ட மறந்ததுக்கா அண்ணி இவ்வளவு ரகளை?" என்று கேட்டாள். கருவியின் வெற்றிடப் பம்பு ஓடும் சத்தத்தை வைத்தே அதன் உடல்நிலை சொல்பவள் நான். எனக்கு வாய்த்த பெயர், கம்பி மாட்ட மறந்தவள்.

8. என் சொல்லை மட்டும் நம்பிக் குறிப்பை நீக்க வேண்டாம். அந்த மாதிரி இன்னும் உலர்பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. குழுத் தலைவரே வந்து, தம் கையால் எர்த் மாட்டி அளக்கட்டும். நான் கதவுக்கு வெளியே நிற்கிறேன். கிடங்குக்குப் போகச் சம்மதம் என்று கையொப்பமிட்ட கடிதத்தை இத்துடன் இணைத்துள்ளேன். தேதி மட்டும் போடவில்லை. எண் 0.8-இல் வராவிட்டால் தேதியைத் தாங்களே நிரப்பிக்கொள்ளலாம். வந்தால், அக்கடிதத்தைக் கிழிக்கும் உரிமையை மட்டும் எனக்குத் தந்தருளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: கருவி அறை
நாள்: மார்ச் 14

இப்படிக்கு,
(ஒப்பம்)
முதுநிலைத் தொழில்நுட்பப் பணியாளர்

இணைப்பு: மூன்று கோப்புகளின் படிகள், குறிப்பேட்டின் பக்கம், தேதியிடாத சம்மதக் கடிதம்.