பேரம் பேசாமல் வாங்கியவர்

அக்டோபர் 18, திங்கள்

இரவெல்லாம் மழை. காலையில் விட்டது. புடலங்காய் நுனியில் கட்டியிருந்த கற்கள் அவிழ்ந்து சேற்றில். கட்டாவிட்டால் காய் சுருண்டுகொள்ளும். சுருண்ட காயை மயிலாப்பூர் மாமிகள் தொடமாட்டார்கள். திரும்பக் கட்டினேன். விரலெல்லாம் புடலை நாற்றம்.

கூடையில் இன்று: வெண்டை, முளைக்கீரை, பாகல் கொஞ்சம். வழக்கம்போல மாட வீதிப் பக்கம். சாந்தோம் பக்கம் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பக்கத்தில் முழங்கால் போட்டவள், திங்கட்கிழமை வாசலில் வந்து கீரை கீரை என்று கூவினால் பங்கு ஜனங்களுக்கு ஒரு மாதம் பேச அது போதும். வாத்தியார் வீட்டு மருமகள் கூடை தூக்குகிறாளாம். தூக்கினால் என்ன? ரங்கூனில் குண்டு விழுந்ததோடு அங்கிருந்து என் வீட்டுக்காரர் அனுப்புகிற பணம் நின்றது. கடிதமும் நின்றது. ரேஷன் அரிசிக்கும் மாதாமாதம் காசு கட்டி வைக்கிற முதல் வெள்ளிப் பூசைக்கும் இந்தக் கொல்லைதான் கதி. பூசைக் கருத்து எப்போதும் ஒன்றே: சவரிமுத்து பத்திரமாய்த் திரும்பி வர. எது நின்றாலும் அது நிற்கக்கூடாது என்று அத்தை கண்டிப்பு. பெற்ற மகன் அல்லவா.

புது வாடிக்கை ஒன்று. நடுவயது பாய், ஒரு காலை இழுத்து நடக்கிறார். வாசலுக்கே வந்து, “வெண்டிக்கா கீதாம்மா?” சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அக்டோபர் 20, புதன்

வெயில். அவரைக்குப் பந்தல் கயிறு வாங்க வேண்டும். மண்ணெண்ணெய் மறந்தேன்.

பாய் மறுபடி வந்தார். முற்றின வெண்டைதான் இருந்தது. நுனியை ஒடித்துக்கூடப் பார்க்கவில்லை. வெண்டைக்காயை ஒடித்துப் பார்க்காமல் வாங்குகிற மனிதரை இப்போதுதான் பார்க்கிறேன். வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றார். தண்ணீர் கேட்டார். குடித்தார். நின்றார். போனார்.

அத்தைக்கு ஒரே சந்தோஷம். “நல்ல மனுஷன். அவருக்கு முத்தல் போடாத, ரெஜி. வாடிக்கை போயிடும்.”

அக்டோபர் 22, வெள்ளி

வெயிலா மழையா, நினைவில்லை.

பாய் காலையிலேயே வந்தார். அத்தை உள்ளே செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். நான் கீரை கட்டிக்கொண்டிருந்தேன். எது வேண்டும் என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்தால் அழுகிறார்.

“தங்கச்சி, நான் காய் வாங்க வரல. சவரிமுத்து கூடத்தான் ரங்கூன்ல வேலை செஞ்சேன். ஒண்ணாத்தான் நடந்து வந்தோம். மூணு வாட்டி சொல்லணும்னு வந்தேன். வாய் வரல.”

வழியில் அவருக்கு ஜுரம். மலைக்கு இந்தப் பக்கம் ஏதோ ஒரு ஆறு, பேர் தெரியாது. குழி தோண்ட ஒன்றுமில்லை. கல்லைப் பொறுக்கி மூடினார்களாம். மோதிரத்தை அரிசிக்குக் கொடுத்துவிடச் சொன்னது அவர்தானாம். “நீயாவது ஊர் போய்ச் சேருன்னாரு. அந்த அரிசியிலதான் நான் பொழச்சேன்.”

என்றைக்கு என்று கேட்டேன். அதைத்தான் முதலில் கேட்டேன்.

“போன வருசம். மழை புடிக்கறதுக்கு முன்னால. தேதி யாருக்கும்மா தெரியும்?”

காதர் என்று பேர். கீரைக்கட்டை அவர் கையில் கொடுத்து அனுப்பினேன். ஏன் கொடுத்தேன் என்று தெரியவில்லை.

அதே நாள், சாயங்காலம்

பாய்கூட அவ்வளவு நேரம் என்ன பேச்சு என்று அத்தை கேட்டார். நாளைக்குப் புடலை கேட்டார் என்று பொய் சொன்னேன்.

போன வருஷம் மழைக்கு முன்னால். அப்படியானால் இத்தனை முதல் வெள்ளியும்? கல்லுக்கடியில் கிடந்தவர் பத்திரமாய் நடந்து வர வேண்டும் என்று பூசை. ஆத்துமத்துக்கு ஒன்று கிடையாது. செத்தவர்களுக்கு வைக்கிற கறுப்புப் பூசை ஒன்று கிடையாது, ஒரு மெழுகுவர்த்தி கிடையாது. ஆத்துமங்கள் மோட்சத்துக்குக் காத்துக் கிடக்கிற உத்தரிக்கிற ஸ்தலத்தில் எல்லாருக்கும் யாரோ வேண்டிக்கொள்ள, இவர் மட்டும் கேட்பாரில்லாமல். பெண்டாட்டி இருந்தும். கீரை விற்று விற்று தப்பான பூசை வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 24, ஞாயிறு

தூறல். பூசை முடிந்து சுவாமியாரிடம் தனியாகச் சொன்னேன். செபம் எதுவும் வீண் போகாது, சர்வேசுரன் அதை வேண்டிய இடத்தில் சேர்த்துக்கொள்வார் என்றார். சேர்த்துக்கொள்ளட்டும். எனக்கு ஆறவில்லை. அத்தையிடம் நானே சொல்கிறேன், நீங்கள் சொல்லவேண்டாம் என்றேன்.

சொல்லவில்லை. சோறு போடும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். அத்தை சாப்பிட்டுக்கொண்டே, “சவரி வந்தான்னா உன்ன கூடை தூக்க வுடமாட்டான், பாரு” என்றார். எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

அக்டோபர் 26, செவ்வாய்

தெற்கு மாட வீதி மாமியின் மாமனாருக்குத் திவசம். முன்பே சொல்லி வைத்தது: வாழைக்காய், புடலை, பாகல், பிரண்டை. முட்டைக்கோஸ் மாதிரி சீமைக் காய்கறி ஆகாது. வீட்டுக் கொல்லையில் விளைந்தது என்பதால்தான் என்னிடம் வாங்குவது. பின்வாசலில் கூடையை வைத்து நகர்ந்து நின்றேன். மாமி தண்ணீர் தெளித்து எடுத்துக்கொண்டார்.

வாயை அடக்க முடியவில்லை. செத்த நாள் தெரியாவிட்டால் உங்களில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

“தெரியலேன்னா அமாவாசையில பண்றது உண்டு. யாருக்குடி கேக்கறே?”

காலிக் கூடையை எடுத்து உதறினேன். மாமி என் கழுத்தைப் பார்த்தார், தாலியை. பிறகு உள்ளே போய்க் காசு கொண்டு வந்தார். வாழைக்காய்க்குக்கூட வாயாடுகிறவர், இன்று கேட்டதைக் கொடுத்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை.

அக்டோபர் 29, வெள்ளி

மழை, மழை. பந்தல் ஒரு பக்கம் சாய்ந்தது. விற்பனை இல்லை. பாகல் பழுத்து வெடித்துக் கிடக்கிறது. அவர் இருந்தால் குச்சி வெட்டி நிமிர்த்தியிருப்பார். இருந்தால். இந்த வார்த்தையை இப்போதுதான் முதல் தடவை இப்படி எழுதுகிறேன். தலைப்பைக் கடித்துக்கொண்டு அழுதேன். மழைச் சத்தத்தில் அத்தைக்குக் கேட்டிருக்காது.

நவம்பர் 1, திங்கள்

நாளை கல்லறைத் திருநாள். நனைந்த கீரையை அரை விலைக்குத் தள்ளினேன். அந்தக் காசு நாளைக்கு.

அத்தை விரல் விட்டு எண்ணினார். மாமா, மாமாவின் அப்பா, அம்மா, குழந்தையில் போன சின்னப் பெண். “வெள்ளிக்கிழமை சவரிக்கும் சேத்துக் குடுத்துடு.” இப்போது சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. சரி அத்தை என்றேன்.

நவம்பர் 2, செவ்வாய்

மழை விட்டிருந்தது. முழங்கால் வலியோடு அத்தையும் நடந்தே வந்தார். கோவில் வாசலில் உபதேசியார் மேசை போட்டு மரித்தவர்கள் பேர் எழுதிக்கொண்டிருந்தார். சுவாமியார் பீடத்திலிருந்து வாசிப்பதற்கு.

மாமா பேர் சொன்னேன். மாமாவின் அப்பா, அம்மா. சின்னப் பெண். அவ்வளவுதானா என்றார். காசு கையில் வியர்வையில் ஒட்டிக்கொண்டது. இந்த வருஷமும் விட்டால் அவருக்கு யார்?

“சவரிமுத்து,” என்றேன்.

அத்தை என் கையைப் பிடித்து இழுத்தார். “அடி, அவன் பேரு வெள்ளிக்கிழமைக்குடி. இது செத்தவங்களுக்கு.” உபதேசியாரைப் பார்த்துச் சிரித்தார். “வெயில்லயும் மழையிலயும் கூடை தூக்கித் தூக்கி இவளுக்குப் புத்தி கலங்கிப்போச்சுங்க. அந்தப் பேரை அடிச்சிடுங்க.”

உபதேசியார் பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“அடிக்காதீங்க, ஐயா,” என்றேன்.