அது குளக்கரை அல்ல

கோட்டாறு,
ஜூன் 18.

ஸ்டெனிக்கு,

பதினோரு வருடம் வாயைத் திறக்காமல் இருந்தது போதும். இதைச் சமாதானத்துக்காக எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உறையின்மேல் நம் தங்கை ஷைஜாவின் முகவரி இருப்பதால்தான் பிரித்திருப்பாய். அவள் பெயரைப் பயன்படுத்தியது தவறுதான். என் தொலைபேசி எண்ணை நீ தடுத்து வைத்திருக்கும்போது எனக்கு வேறு வழி தெரியவில்லை. கிழிப்பதாக இருந்தால் முழுவதும் படித்துவிட்டுக் கிழி.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து ஷைஜா வீட்டுக்குப் போனேன். இமாச்சலத்திலிருந்து நீ அனுப்பிய படங்களைக் காட்டினாள். சாலை வேலைக்கு வந்த நாற்பது பேருக்கு நீ புதிதாகப் போட்டிருக்கும் கொட்டகைகள், அவற்றின் பின்னால் நீளமான மண்மேடு, மேட்டுக்கு அப்பால் ஏரி. கூடவே உன் குரல்: “ஏட்டி ஷைஜா, பாத்தியா, நம்ம குளத்தங்கரை போலல்லா இருக்கு! கரைக்க அந்தப் பக்கம் தண்ணி கெடக்கு, இந்தப் பக்கம் நாங்க கெடக்கோம். காத்தும் அடிக்கேல்ல. உனக்க மகனை நெனச்சு நீ பேடிக்காத.” பிரபின் உன்னோடு இருக்கிறான் என்ற தைரியத்தில் அவள் சிரித்தாள். என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

நாஞ்சில் நாட்டுக்காரன்தான் இந்தத் தவறைச் செய்வான். கரைக்குக் கீழே வீடு கட்டி வாழ்ந்து பழகியவர்கள் நாம். மேட்டுக்குப் பின்னால் தண்ணீரைக் கண்டால் நமக்குப் பயம் வராது. ஆனால் நம் குளக்கரையை மனிதர்கள் போட்டார்கள். களிமண்ணை அடுக்கடுக்காகப் போட்டு மிதித்து இறுக்கினார்கள். மிஞ்சிய தண்ணீர் வழிய மறுகால் வைத்தார்கள். உன் பின்னால் இருப்பது, மலைச்சரிவில் மெல்ல ஊர்ந்து இறங்கிய பனியாறு கொட்டிவிட்டுப் போனது. மலையிலிருந்து உரித்துக்கொண்டு வந்த பாறையும் சரளையும் மண்ணும் அதன் முனையில் குவிந்தன. பனி உருகிப் பின்வாங்கியபோது குவியல் நின்றுவிட்டது. பின்னால் தண்ணீர் தேங்கியது. அதை யாரும் மிதித்து இறுக்கவில்லை. மறுகாலும் இல்லை. அதன் வயிற்றுக்குள் பழைய பனிக்கட்டி புதைந்திருக்கும். அது உருக உருகக் கரை உள்ளுக்குள் உட்காரும்.

இன்னொரு படத்தில், வலப்பக்கம் உயரத்தில் வழவழப்பான பாறைத் திட்டு ஒன்று இருக்கிறது. “எவனோ ஜேசிபிய வச்சுக் கீறிப் போட்டிருக்கான்” என்று கேலி செய்திருந்தாய். பனியாறு தன் அடியில் கற்களைக் கவ்விக்கொண்டு, ஆயிரக்கணக்கான வருடம் அந்தப் பாறையை இழைத்துக்கொண்டே இறங்கிய தடம் அது. உன் பள்ளத்தாக்கைத் தொட்டிபோல அகலமாகக் குடைந்ததும் அதே பனிதான். அத்தனைக்கும் ஈடுகொடுத்து நின்ற பாறை. கொட்டகைகளை அங்கே ஏற்று. பனி இழைத்த இடம் நிற்கும். பனி கொட்டிய இடத்தை நம்பாதே.

ஏரித் தண்ணீர் பால்போல வெளுத்திருப்பதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அரைபட்ட பாறைமாவு அது. நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. ஏப்ரலில் நீ எடுத்த படத்தில் மேட்டின் அடியில் ஒரு சிறிய ஊற்று, தெளிவாக இருந்தது. பிரபின் போன வாரம் அனுப்பிய வீடியோவில் அதே ஊற்று இரண்டு மடங்காகி, செம்மண் நிறத்தில் கலங்கி வருகிறது. ஐப்பசி மழையில் அப்பா நம் இருவரையும் கரையடிக்குக் கூட்டிப்போய்ச் சொன்னது உனக்கு மறந்திருக்காது. “தெளிஞ்சு கசிஞ்சா போய் ஒறங்குங்க மக்களே. கலங்கி வந்தா கரை உள்ளுக்க அரிக்கு, ஊரைக் கூட்டணும்.”

ஷைஜா மூலம் சொல்லிப் பார்த்தேன். உன் பதிலை அவள் என்னிடம் மறைக்கப் பார்த்தாள். வற்புறுத்திக் கேட்டு வாங்கினேன். “ஐஸ் அளந்த ஆளுக்கு இப்பமும் பொறாமை அடங்கேல்லியா?” பிரபினோ, “மாமா இஞ்சதான கெடக்காவ, பின்ன எனக்கென்ன?” என்றானாம். உன் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன்; கருத்து பதிவு செய்யப்பட்டதாக இரண்டு வரி வந்தது. அந்த நாற்பது பேரையும் நகர்த்த இனி உன் ஒரு சொல்தான் இருக்கிறது.

ஐஸ் அளந்த ஆள். அந்தப் பட்டத்தை நீ எனக்குக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துக் கொடுத்தாய். கல்லூரி விடுமுறையில் ஆராய்ச்சிக்காகப் பனியாற்றின்மேல் அளவெடுத்துக்கொண்டிருந்தேன். அப்பா இறந்த செய்தி கிடைத்து நான் ஊர் வந்துசேர மூன்று நாள் ஆனது. காத்திருக்கலாம் என்று போதகரே சொல்லியிருக்கிறார். நீ காத்திருக்கவில்லை. மூத்தவன் போடவேண்டிய முதல் பிடி மண்ணை நீ போட்டாய். நான் வந்தபோது குழிமேட்டின்மேல் பூ வாடிக் கிடந்தது. “அப்பா வலியில துடிச்சப்ப ஐஸ் அளந்துட்டு நின்னீரு. இப்ப எதுக்கு வந்தீரு?” என்று சபையார் முன்னால் கேட்டாய். இரண்டு மாதம் அவரைத் தூக்கிக் குளிப்பாட்டியவன் நீ என்பதால் எல்லாரும் உன் பக்கம் நின்றார்கள். அதற்குப் பிறகு நான் மலைக்குப் போகவில்லை. ஆராய்ச்சியும் பாதியில் நின்றது. மன்னித்துவிட்டேன் என்று எழுதமாட்டேன்.

ஆனால் அந்த மேடு உடைந்தால் அடக்கம் செய்யக்கூட ஒன்றும் மிஞ்சாது. முகம் பார்க்காத அடக்கம் ஒன்று எனக்குப் போதும், ஸ்டெனி.

இது கிடைத்த அன்றே ஆட்களை ஏற்று. சாமான்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். என்னை ஏசுவதாக இருந்தாலும் அந்தப் பாறைமேல் நின்று ஏசு. பதில் எழுத வேண்டாம். நீயும் பிரபினும் அங்கே நிற்கிற படம் ஒன்றை ஷைஜாவுக்கு அனுப்பு. நான் போய்ப் பார்த்துக்கொள்கிறேன். இந்தக் கடிதம் போய்ச் சேரும்வரை கர்த்தர் அந்த மேட்டைத் தாங்கட்டும்.

கீழே என்ன எழுதுவது என்று அரைமணி நேரமாக யோசிக்கிறேன். ‘உன் அண்ணன்’ என்று எழுதக் கை வரவில்லை. வெறும் பெயரை எழுதினால் யாரோ எழுதியதுபோல் இருக்கிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் தபால் நிலையத்தை மூடிவிடுவார்கள். கையெழுத்துப் போடாமலே அனுப்புகிறேன்.