மதிலுக்கு வெளியே புதைத்த பிள்ளை

அன்பு நண்பா,

இன்று காலை இராயபுரத்துக் கல்லறைத் தோட்டத்தில் சாம்பிராணிப் புகை கண்ணைக் கரித்தது. திருமுழுக்குப் பெறுமுன் இறந்த பச்சிளங்குழந்தை ஒன்றை அடக்கம் செய்தார்கள். மதிலுக்கு உள்ளே, மந்திரித்த மண்ணில். குழந்தையை இறைவனின் இரக்கத்தில் ஒப்படைப்பதாகக் குருவானவர் வேண்டியபோது, கூட்டத்தில் நின்றபடி உன்னை நினைத்துக்கொண்டேன்.

உன் மகளுக்கு அந்த மண் கிடைக்கவில்லை. ஞானத்தந்தையாக நான்தான் நிற்க வேண்டுமென்று, மேடைப்பேச்சுக்காக வெளியூர் போயிருந்த எனக்காகத் திருமுழுக்கைத் தள்ளிவைத்தாய். நான் திரும்புமுன் காய்ச்சல் அவளைக் கொண்டுபோயிற்று. நான் வந்து சேர்ந்ததும், திருமுழுக்குப் பெறாதவள் என்பதால் மதிலுக்கு வெளியே, ஒரு மூலையில் புதைத்தோம்.

அன்று மாலை உன் மனைவி கேட்டாள்: "எம்புள்ள இப்போ எங்கண்ணே கீது?"

மறைக்கல்வி கற்பித்துவந்தவன் நான். திருமுழுக்கின்றி இறக்கும் குழந்தைகள் போய்ச்சேரும், துன்பமும் இல்லாத, இறைவனைக் காணும் பேரின்பமும் இல்லாத லிம்போ என்னும் இடத்தைப் பற்றி, படித்தவாறே, ஐயத்துக்கு இடமின்றி எடுத்துரைத்தேன்.

"அப்போ நான் செத்தாலும் அத்த பாக்க முடியாதா?"

"முடியாது, தங்கையே."

அதன்பின் அவள் அதுபற்றிக் கேட்கவேயில்லை. அதை நம்பியே இறந்தாள்.

ஆண்டுகள் கழித்து, அத்தகைய குழந்தைகளும் மீட்படைவர் என நம்ப இடமுண்டென்று திருச்சபை சொன்னது. படித்த அன்றே உன் காலடிப்பேட்டை வீட்டுக்கு ஓடிவந்தேன். துறைமுக வேலை முடித்து வந்த நீ, கால் கழுவிக்கொண்டே கேட்டாய்:

"இன்னா மாமு, மேல சட்டத்த மாத்திட்டாங்களா?"

"மாற்றவில்லை. உண்மை அதேதான். நம் புரிதல் வளர்ந்திருக்கிறது."

"கொஞ்சம் சுருக்கா வளந்திருக்கக் கூடாதா? அவ காதுல போட்டு அனுப்பிருப்பேனே."

கடற்கரைக் கூட்டங்களை அதிரவைத்த நான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். நீதான், "வுடு மாமு, டீ குடி" என்றாய்.

கோட்பாடு வளரும் என்று இன்றும் நம்புகிறேன், மேடையில் முழங்கவும் செய்கிறேன். அது வளர்வதற்குள் வாழ்ந்து முடிந்துபோனவர்களுக்கு என்ன சொல்வதென்றுதான் தெரியவில்லை.

கல்லறைத் திருநாளில் மூன்று மெழுகுவர்த்திகள் வாங்குகிறேன். உன் மனைவியின் கல்லறைக்கு ஒன்று, பக்கத்தில் உறங்கும் உனக்கு ஒன்று. இடம் போதாமல் தோட்டத்தை விரிவாக்கியபோது அந்தப் பழைய மதிலை இடித்துவிட்டார்கள், நண்பா. பிள்ளை இப்போது உள்ளேதான் இருக்கிறாள். எந்த இடமென்று கண்டுபிடிக்க முடியவில்லை. மூன்றாவது மெழுகுவர்த்தியைக் கையில் பிடித்தபடியே ஒவ்வோர் ஆண்டும் வீடு திரும்புகிறேன்.