நாற்பத்தொரு கிலோவும் நான்கு எண்ணெய்களும்

மார்ச் 3
இன்று என் மனைவியின் எடை நாற்பத்தொரு கிலோ. காய்ச்சல் விட்டு மூன்று மாதமாகிறது. போனது போகட்டும், அவளுடைய மோப்பத்தையும் ருசியையும் சேர்த்தல்லவா வாரிக்கொண்டு போயிருக்கிறது. சூடாக எது கொடுத்தாலும் குமட்டுகிறது. பச்சைக் காய்கறியை மட்டும், கடித்தால் சத்தமாவது வருகிறதே என்று மெல்லுகிறாள்.

"வெறும் காயில என்ன சத்து இருக்கு? நல்ல எண்ணெயா ஊத்திக் குடுங்க. நாப்பதுக்குக் கீழ போச்சுன்னா மூக்கு வழியா குழாய் போட வேண்டியதுதான்" என்றார் டாக்டர். பதினெட்டாம் தேதி மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்.

நான் இருபத்தாறு வருஷமாக லிஃப்ட் மெக்கானிக். எனக்குத் தெரிந்த எண்ணெயை மனுஷன் வாயில் வைக்க முடியாது.

மார்ச் 5
சூரியகாந்தி எண்ணெய் மூன்று பங்கு, எலுமிச்சைச் சாறு ஒரு பங்கு, உப்பு. மூடி போட்ட பாட்டிலில் குலுக்கி, வெள்ளரி மேல் ஊற்றினேன். நாலு வாய்.

"எப்படி இருக்கு?"

"வழவழன்னு இருக்கு."

மார்ச் 7
கடலை எண்ணெய். மூன்று வாய்.

மார்ச் 8
நல்லெண்ணெய். திறந்ததும் சமையலறையே மணத்தது. யாருக்கு? எனக்குத்தான். அவள் எதிரில் நின்று நான் மட்டும் மோந்துகொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது.

மார்ச் 10
நேற்று ஆலிவ் எண்ணெய் வாங்கினேன், இருப்பதிலேயே உசத்தி. பத்திரமாக இருக்கட்டுமென்று ஃப்ரிட்ஜில் வைத்தேன். காலையில் பார்த்தால் வெள்ளையாக உறைந்து கிடக்கிறது. கலப்படம் என்று கொதித்துப்போய்க் கடையில் சண்டைக்கு நின்றேன். நான் கத்தக் கத்த, கடைக்காரர் பாட்டிலை வெயில் படும் இடத்தில் வைத்துவிட்டு மற்றவர்களுக்குச் சாமான் கட்டினார். அரை மணியில் தெளிந்துவிட்டது.

"குளிர்ல உறையும் சார். வெளியில வச்சா சரியாயிடும். எண்ணெய்க்குக் கோபம் கெடையாது" என்றார்.

தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தேன். அந்த எண்ணெயிலும் இரண்டு வாய்தான்.

மார்ச் 12
கத்திவிட்டேன். சாப்பிடலன்னா செத்துத்தான் போவன்னு சொல்லிட்டேன். அவகிட்ட. என் வாயாலயே.

"நான் என்ன வேணும்னா பண்றேன்?" என்றாள். அழக்கூட இல்லை. தட்டை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். சுவர்ப் பக்கம் திரும்பி.

என்ன மனுஷன் நான்?

மார்ச் 13
நாற்பது கிலோ முந்நூறு கிராம். இன்னும் ஐந்து நாள். பயமாக இருக்கிறது, வேறென்ன எழுத.

மார்ச் 14
எண்ணெயும் சாறும் பிரிந்து பிரிந்து நிற்கிறதே, ஒன்றாகக் கலந்தால் ஒரு வாயாவது கூட இறங்குமோ என்று நினைத்தேன். ஆலிவ் எண்ணெய், சாறு எல்லாவற்றையும் மிக்ஸியில் கொட்டி ஐந்து நிமிஷம் ஓடவிட்டேன். வெண்ணெய் மாதிரி திரண்டு வந்தது. ருசி பார்க்கவில்லை. அவளுக்கே தெரியாத ருசியை நான் எதற்குப் பார்ப்பது?

முதல் வாயிலேயே துப்பிவிட்டாள்.

இதுவும் போச்சா? இனி எதைக் கொடுப்பேன்?

"என்னங்க இது, இப்படிக் கசக்குது?"

நான் ஒரு விரல் தொட்டு நக்கினேன். வேப்பங்காய். தப்பு பண்ணிட்டேன், வேற செஞ்சு தரேன்னு தட்டை எடுத்தேன். பாதி வழியில்தான் உறைத்தது. திரும்பிப் பார்த்தேன். அவள் வாயில் கை வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தரம் சொல்லு."

"கசக்குதுங்க."

இரண்டு பேரும் அழுதோம். மீதியை அவள் கொட்டவிடவில்லை. முகத்தைச் சுளித்துச் சுளித்து ஸ்பூனால் நக்கிக்கொண்டே இருந்தாள்.

மார்ச் 15
உசத்தி ஆலிவ் எண்ணெயை மிக்ஸியில் அடித்தால் கசந்துவிடுமாம். கடைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன், எத்தனை நாளைக்கப்புறம்.

மார்ச் 18
நாற்பது கிலோ நானூறு கிராம். குழாய் இப்போதைக்கு வேண்டாம் என்றார் டாக்டர்.

மதியம் கேரட், வெள்ளரி, நல்லெண்ணெய். பாட்டிலில்தான் குலுக்கினேன். எட்டு வாய்.

"உப்பு கம்மி" என்றாள்.

கம்மியாகத்தான் இருந்தது.