ஹார்வுட் வீட்டுத் தோட்டத்துக் காற்று

786

காஜா பெராங், மலாக்கா
மே 1958

அன்பு மகன் ஷரீஃபுதீனுக்கு வாப்பா சிஹாபுதீனின் ஸலாம். அல்லாஹ்வின் உதவியால் உம்மாவுக்கும் எனக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை, உன்னையும் லண்டன் குளிரிலிருந்து அவன் காப்பானாக. எழுத்தைப் பார்த்து இது யார் கை என்று யோசிப்பாய், என் கைதான். முதியோர் வகுப்பு வாத்தியார் தம்பிராஜா வழக்கம்போல நானே எழுதித் தருகிறேன் என்றார், இனிமேல் உங்களுக்கு அந்தச் சிரமம் இல்லை என்று சொல்லிவிட்டேன். சிறு பிள்ளையிலேயே குர்ஆன் ஓதப் பழகினவனுக்குத் தமிழ் எழுத்து இந்த வயதில்தான் வாய்த்தது. ஒரு நாளைக்குச் சில வரிகள்தான் நகர்கின்றன, ஆனால் ஒவ்வொரு வரி முடியும்போதும் ஜவுளிக்கடையில் முழுச் சிப்பத்தையும் விற்று முடித்த சந்தோஷம் வருகிறது. உம்மா பக்கத்தில் வந்து என்ன எழுதினீர்கள் என்று கேட்கிறாள், படித்துக் காட்டுகிறேன், சில இடங்களைத் தாண்டிப் படிக்கிறேன்.

தாண்டுகிற இடம் இதுதான். வாத்தியார் உன் கடிதங்களை வாசித்த காலத்தில் ஒருதரம் கேட்பேன், நீ நலம் என்று தெரிந்தால் போதும், மனசு நிறைந்துவிடும். இப்போது நானே எடுத்துத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். படித்தால் பக்கத்துக்குப் பக்கம் ஹார்வுட், ஹார்வுட் என்றுதான் இருக்கிறது. ஆகாய விமான நிலையத்தைச் சுற்றிக் குடியிருப்பவர்கள் மூச்சில் எவ்வளவு புகை போகிறது என்று அளப்பது உன் வேலை, அதற்காக அந்தக் கிழவர் ஹார்வுட் தோட்டத்தில் கண்ணாடி ஜாடி வைத்திருக்கிறாய், சரி. ஜாடியைப் பார்க்கப் போனவன் ஜாடியைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டாமா. அவருடைய இருமல் எப்படி இருக்கிறது, ராத்திரி தூங்கினாரா, அடுப்புக்குக் கரி அள்ளிப் போட்டாயா என்று எத்தனை விவரம். என் முழங்கால் வலியைப் பற்றிக் கடைசிக் கடிதத்தில் ஒரு வார்த்தை கேட்டாய், அதையும் ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்தாய். அவர் உன்னை மகனே என்று கூப்பிடுகிறாராம். அந்த ஊரில் வயதானவர்கள் வாலிபர்கள் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று நீ எழுதியதையும் படித்தேன். எல்லாரையும் கூப்பிடட்டும், உன்னை வேண்டாம்.

விமானம் தரையில் நின்று உறுமும்போது எவ்வளவு எண்ணெய் எரிகிறது, அதிலிருந்து எவ்வளவு புகை, கண்ணுக்கே தெரியாத கரிவாயு எவ்வளவு என்று கணக்குப் போடுகிறீர்கள் என்றும், அந்த வாயு மேலே தங்கிக் கம்பளி போர்த்தியதுபோல் உலகத்துச் சூட்டைப் பிடித்து வைக்கும் என்று உன் ஆபீஸ் பெரியவர் சொல்கிறார் என்றும் எழுதியிருந்தாய். கம்பளி என்றதும் நான் அனுப்பிய சால்வைதான் ஞாபகம் வந்தது. அதை அவருக்குக் கொடுத்துவிட்டாயாமே. நல்ல காரியம்தான், நன்மை கிடைக்கும், ஆனாலும் அதை நான் உன் தோளை நினைத்துத்தான் வாங்கினேன்.

அந்த ஆத்திரத்தில் ஒரு வேலை செய்தேன். அவர் வீட்டுக் காற்றுக்குத்தான் மதிப்பா, நம் காற்றையும் அளப்போம் என்று ஒரே துணிச் சுருளிலிருந்து இரண்டு துண்டு வெள்ளை மல் துணி கிழித்தேன். இங்கே பக்கத்தில் பத்து பெரெண்டாம் ஊர் விமானத் திடலில் புல் வெட்டும் மருதமுத்துவிடம் ஒன்றைக் கொடுத்து வேலியில் கட்டச் சொன்னேன். கட்டிவிட்டு வந்து, "போன வருஷம் மெர்டேக்கா சுதந்திரத்துக்குக் கொடி ஏத்தினோம் சரி, இப்ப இந்த வெள்ளைக் கொடி யாருகிட்ட சரணடைய பாய்?" என்று கடைத்தெரு முழுக்கக் கேட்கும்படி கேட்டான். இன்னொரு துண்டை நம் வீட்டுக் கூடத்து ஜன்னலில் தொங்கவிட்டேன். ஒரு மாதம் கழித்து இரண்டையும் பாய்மேல் விரித்தேன். வேலியில் கட்டியதில் செம்மண் தூசிதான், எப்போதாவது ஒரு சின்ன விமானம் இறங்கும் இடம் வேறு எப்படி இருக்கும். நம் வீட்டுத் துண்டோ புகைக்கூண்டு துடைத்த துணிபோல் கறுத்திருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஹார்வுட்டைவிட உன் வாப்பா கெட்ட காற்றில் கிடக்கிறான், ஜாடியை எடுத்துக்கொண்டு இங்கே ஓடி வா என்று எழுதுவதற்காக, துணியை மடித்து உறைக்குள்ளும் வைத்துவிட்டேன். உம்மா வந்து உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "நான் வியாழன் தவறாம மக்ரிப் தொழுகைக்குப் பொறவு சாம்பிராணி வைக்கிற ஜன்னல் அது. என் சட்டிப் புகையையா லண்டனுக்கு அனுப்புறீங்க?" என்றாள். பிறகு துணியை வாங்கிக்கொண்டு போய் அலசிப் போட்டுவிட்டாள்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். வருஷக் கடைசியில் ஜெட் விமானங்கள் வரப்போகின்றன, வருவதற்கு முன்பும் வந்த பின்பும் காற்று எப்படி மாறுகிறது என்று பார்க்க ஆபீஸில் இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், வாப்பா சொல்கிறபடி செய்கிறேன் என்று எழுதியிருந்தாய். வாத்தியார் எழுதியிருந்தால் உன் விருப்பப்படி செய் என்று அழகாக முடித்திருப்பார். என் கைக்கு அந்த வரி வரவில்லை. இரண்டு வருஷம் தர மாட்டேன். உம்மா ஒவ்வொரு பெருநாளுக்கும் உனக்கென்று ஒரு சட்டை தைத்து அலமாரியில் வைக்கிறாள், அலமாரி நிறைகிறது. ஆனால் அந்தக் கிழவருக்குப் பிள்ளை இல்லை, போன குளிரில் இரண்டு தடவை மூச்சுத் திணறினார், நீதான் தூக்கி உட்கார வைத்தாய் என்பதையும் நான்தான் படித்தேன். படிக்கத் தெரிந்ததில் இது ஒரு தொல்லை. அதனால் வருகிற குளிர் முடியும்வரை இரு, ஜெட் வந்த பிறகும் அளந்து கொடு, அவர் நெஞ்சு தேறியதும் புறப்படு. உன் இடத்துக்கு வருகிறவனிடம் அவர் வீட்டுக்குக் கரி அள்ளிப் போடச் சொல்லிவிட்டு வா.

ஆபீஸ் தரும் சீட்டில் கப்பலில் வரவா, விமானத்தில் வரவா, விமானம் என்றால் அவ்வளவு எண்ணெய் எரியுமே என்று யோசித்திருந்தாய். கப்பலில் வந்தால் வாரக்கணக்கில் கடலில் கிடப்பாய். விமானத்தில் வா. அது கிளம்பும்போது ஹார்வுட் தலைக்கு மேல் கொஞ்சம் புகை கூடும், அது மட்டும் எனக்காக அவர் பொறுத்துக்கொள்ளட்டும்.

ஐவேளைத் தொழுகையை விடாதே, வெளியே ஜாடி எடுக்கப் போகும்போது காதை மூடிக்கொள், சால்வை வேறு ஒன்று அனுப்புகிறேன், அதை யாருக்கும் கொடுக்காதே. உம்மா மஜீதாவின் ஸலாமும் துஆவும். உன் ஆயுளும் ஈமானும் பெருகட்டும். ஹார்வுட்டுக்கும் ஸலாம் சொல்.

இப்படிக்கு,
தன் கையாலேயே ஒப்பமிடும் உன் வாப்பா
சிஹாபுதீன்