யார் கண்டுபிடித்தது என்று எழுதவும்

ஜூன் 2, 2025 - திங்கள்

பணிப்பதிவேடு திரும்பி வந்துவிட்டது. இருபத்தாறு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தேன். வகுப்பெடுக்கும் சுபாஷினி மிஸ் பென்சிலால் பதினேழு இடத்தில் ஒரே கேள்வியை எழுதியிருக்கிறார்: யார்?

அறை திறக்கப்பட்டது. - யார்?
பெட்டிகள் மாற்றப்பட்டன. - யார்?
நாங்கள் வாடிக்கையாளருக்கு அறிவித்தோம். - நாங்கள் என்றால் யார்?

கொழும்பு முகத்துவாரத்தில் ஒரு மீன் ஏற்றுமதிக் குளிர்களஞ்சியத்தில் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். இப்படி ஒரு கேள்வியை அங்கே யாரும் கேட்டதில்லை. அங்கே எல்லாம் தானாக நடக்கும். பிழை நடந்தால் மட்டும் ஆள் தேடுவார்கள்.

கம்பெனி போன வருடம் என்னையும் என்னோடு வேலை செய்யும் அர்பாவையும் வெள்ளவத்தையில் இருக்கும் இந்தக் கல்வி நிறுவனத்துக்கு அனுப்பியது. நான்கு நாள் வேலை, வெள்ளியும் சனியும் வகுப்பு, முடிவில் பட்டம். வேலைத்தளத்தில் செய்வதற்கே பாதிப் புள்ளி. அதற்குத்தான் இந்தப் பதிவேடு. ஆங்கிலத்தில் எழுதவேண்டும், எங்கள் முகாமையாளர் றெஜி சேர் கையெழுத்துப் போடவேண்டும். முப்பத்தேழு வயதில் என் பெயருக்குப் பக்கத்தில் ‘பயிலுநர்’ என்று அச்சடித்திருக்கிறார்கள். அதற்கெல்லாம் நான் வெட்கப்படுகிற ஆள் இல்லை. ஆனால் பதினேழு ‘யார்’ கொஞ்சம் அதிகம்தான்.

ஜூன் 3

‘நாங்கள்’ என்ற ‘வீ’யை எழுதிய இடத்திலெல்லாம் ‘நான்’ என்ற ‘ஐ’ போடவேண்டுமாம். அரிச்சுவடியில் ஒன்பதாவது எழுத்து. எழுத என்ன கஷ்டம் என்று உட்கார்ந்தேன். இரண்டு பக்கத்துக்கு மேல் முடியவில்லை. ஒவ்வொரு ‘ஐ’யும் என்னையே நான் தம்பட்டம் அடிப்பதுபோல இருக்கிறது.

சுகிர்தன் எட்டிப் பார்த்துச் சிரித்தார். “வீட்டில விடிஞ்சால் பொழுதுபட்டால் ‘நான் சமைச்சனான், நான் சொன்னனான், நான்தான் பில் கட்டினனான்’ எண்டு கத்திறாய். பேப்பரில மட்டும் என்ன அடக்கம்?”

புருஷன் என்றால் இப்படித்தான் உண்மையைச் சொல்வான்.

ஜூன் 6 - வெள்ளி

வகுப்பு முடிந்ததும் மிஸ்ஸைப் பிடித்துக்கொண்டேன். “வேலைத்தளத்தில ஒருத்தர் தனிய ஒண்டும் செய்யிறதில்ல மிஸ். ‘நாங்கள்’ எண்டுதான் பழக்கம்.”

அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னார்: “மாக்ரெட், டிகிரி உங்களுக்குத்தான் குடுக்கப் போறம். உங்கட கம்பெனிக்கு இல்ல.”

 

ஓகஸ்ட் 2 நேர்முகம். ஏதாவது ஒரு முக்கிய சம்பவத்தை எழுதி, அதில் நான் என்ன செய்தேன் என்று நிரூபிக்கவேண்டும். தவறினால் இரண்டாம் வருடம் இல்லை, கம்பெனி என் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடும். பத்தொன்பது வயதில் மயிரிழையில் பல்கலைக்கழகம் தவறியது எனக்கு. இன்னொரு தடவை தவறவிட நான் தயாரில்லை.

ஜூன் 10 - பொசன் போயா, விடுமுறை

சம்பவம் எது என்பதில் சந்தேகமே இல்லை. ஏப்ரல் 9.

அன்று காலை ஒரு லேபலைச் சரிபார்க்க முதலாம் அறைக்குள் போனேன். கதவுக்கு வெளியே உள்ள திரை மைனஸ் 18 என்று காட்டியது. உள்ளே போய் மூச்சு இழுத்தேன். மூக்குக்குள் அந்தக் குத்தல் இல்லை. பதினொரு வருடம் அந்தக் குளிரில் மூக்கைக் கொடுத்தவளுக்கு அது போதும். கைவெப்பமானியை எடுத்துவந்து பெட்டிகளுக்கு நடுவே செருகினேன். மைனஸ் 11.

வெளியே கொண்டெய்னர் கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தது. பன்னிரண்டு தொன் சூரை மீன். றெஜி சேர் காலையில் வந்து வரவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மகளின் பள்ளிக்கூட விஷயமாக நீர்கொழும்புக்குப் போயிருந்தார். மூன்று தடவை அழைத்தேன். எடுக்கவில்லை. ஏற்றுவதை நிறுத்தச் சொன்னேன். சாரதி சிங்களத்தில் என்னை என்னவெல்லாமோ கேட்டான், நானும் சிங்களத்தில் அதே அளவுக்குத் திருப்பிக் கொடுத்தேன். நான்கு பேரை வைத்து எல்லாவற்றையும் இரண்டாம் அறைக்கு மாற்றினேன். பிறகு ஏணி போட்டு ஏறிப் பார்த்தால், வெப்பத்தை அளக்கும் கம்பி கொளுக்கியிலிருந்து வழுவி, விசிறிக்குப் பின்னால் படிந்த பனிக்கட்டிக்குள் புதைந்து கிடந்தது. அறை எப்படிப் போனாலும் அது பனிக்கட்டியின் குளிரைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. மீனின் நடுப்பகுதி நல்லவேளையாக இன்னும் கெடவில்லை. வாடிக்கையாளருக்கு நானே அழைத்துச் சொன்னேன். பரிசோதனை முடிந்து ஆறு நாள் பிந்தி அனுப்பினோம். அனுப்பினேன்.

றெஜி சேர் தலைமையகத்துக்கு அனுப்பிய அறிக்கை இப்படி: “வழமையான சோதனையின்போது முகாமைத்துவத்தினால் குறைபாடு கண்டுபிடிக்கப்பட்டது.” மே மாதக் கூட்டத்தில் அவருக்குக் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். நன்றாகவே தட்டினேன், அதுதான் எரிச்சல்.

என் பதிவேட்டில் மிஸ் அந்த இடத்தில் மட்டும் ஒரு முழு வாக்கியம் எழுதியிருக்கிறார்: யார் கண்டுபிடித்தது என்று எழுதவும்.

எழுதிவிட்டேன். எல்லா வினைக்கும் முன்னால் ‘ஐ’. வாசித்துப் பார்த்தேன். தம்பட்டம் மாதிரித் தெரியவில்லை, நடந்தது மாதிரித்தான் தெரிந்தது.

ஜூன் 13

கொச்சிக்கடை அந்தோனியார் திருநாள். 155 பஸ் அசையவே இல்லை. வகுப்புக்கு ஒரு மணித்தியாலம் பிந்திப் போனேன்.

ஜூன் 17

றெஜி சேரிடம் கொடுத்தேன். முதல் பக்கத்தைப் பார்த்தார், ஏப்ரல் பக்கத்துக்கு வந்தார், மூடிவிட்டார். “வச்சிட்டுப் போங்க, ஆறுதலாப் பாக்கிறன்.”

ஜூன் 30

இன்னும் ஆறுதலாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஜூலை 4

பஸ்ஸில் அர்பா என் காதுக்குள்ளேயே கதைத்துக்கொண்டு வந்தாள். அவளுடைய பதிவேடு போன மாதமே கையெழுத்தாகிவிட்டது. புதிய பொதியிடும் முறையைப் பற்றி எழுதியிருக்கிறாள், அதில் யாருக்கும் சேதமில்லை. “ஏன் இவ்வளவு கஷ்டப்படுறீங்க? அத உடுங்க. வேற ஒண்ட எழுதுங்க. எத்தின வேல செஞ்சி ஈக்கிறீங்க! அந்த மனிசன் சைன் வெக்காட்டி ஒங்கட வருஷம்தானே போகும்?”

“அது நான் செய்ததிலயே நல்லது அர்பா. அத விட்டிட்டு ரெண்டாந்தரமானத ஏன் காட்டவேணும்?”

“ஒங்களோட கதச்சு வெல்ல ஏலாது” என்று சொல்லிவிட்டுத் தன் கடலையில் பாதியை எனக்குத் தந்தாள்.

அவள் சொல்வது தவறு இல்லை. ஆனாலும் மாற்றமாட்டேன்.

ஜூலை 14 - திங்கள்

இன்று கூப்பிட்டார். மேசையில் என் பதிவேடு இல்லை. ஒரு வெப்பநிலைத் தாள்தான் இருந்தது, நாளுக்கு நான்கு தடவை அறைக்குள் போய்க் கைவெப்பமானியால் அளந்து எழுதவேண்டிய தாள். ஏப்ரல் 8, செவ்வாய். அதாவது முந்தின நாள்.

“இதில உங்கட கையெழுத்துத்தானே மாக்ரெட்?”

“ஓம் சேர்.”

“ரெண்டு மணிக்கு கதவ திறந்து சாமான் இறக்கினவங்க. அந்த நேரமும் மைனஸ் பதினெட்டு எண்டு போட்டிருக்கு. நாலு கட்டமும் ஒரே பேனை, ஒரே சாய்வு.” குரலை உயர்த்தவே இல்லை. “நான் எண்டு எழுத விருப்பம் எண்டால் எல்லாத்தையும் எழுதவேணும். நாங்கள் எண்டு இருந்தால் ஒருத்தருக்கும் கரைச்சல் இல்ல. யோசிச்சுப் பாருங்க.” இழுப்பறையிலிருந்து என் பதிவேட்டை எடுத்துத் திருப்பித் தந்தார்.

என்ன செய்துபோட்டன் நான்? பாக்காமல் எழுதினனான். ஓம், பாக்கவே இல்ல - நாலு மணிக்கு மேசையில இருந்தபடி நாலு கட்டத்தையும் நிரப்பினனான். எல்லாரும் அப்பிடித்தான் செய்யிறவங்கள், சரி, எல்லாரும்தான் - ஆனா கையெழுத்து என்ர. செவ்வாய்க்கிழமை ஒருக்கா உள்ள போயிருந்தால் என்ர மூக்கே சொல்லியிருக்கும். புதன்கிழமை அந்த லேபல் விஷயம் வராமல் விட்டிருந்தால்? பன்னிரண்டு தொன். கெட்ட மீனைத் தின்னப்போறது ஆர்?

அந்த மனுசன்ல கோவமாத்தான் இருக்கு. ஆனா அந்தாள் சொன்னதில ஒரு சொல்லும் பொய் இல்லையே. அதுதான் நெஞ்சில நிக்குது.

ஜூலை 15

நான் மூன்று மாதமாக ஒரு பாதியைத்தான் ஞாபகம் வைத்திருந்திருக்கிறேன்.

ஜூலை 16

நேற்று இரவு சுகிர்தனிடம் சொன்னேன். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவர், கையெழுத்தின் கனம் தெரிந்தவர்.  “மாத்திறதெண்டால் இப்ப மாத்து. பிறகு புலம்பக் கூடாது.”

மாற்றினேன். அவர் நினைத்ததுபோல இல்லை. ஏப்ரல் 9க்கு முன்னால் புதிதாக ஒரு பக்கம் சேர்த்தேன். ஏப்ரல் 8. எட்டு வரி. ‘நான் பார்க்கவில்லை. நான் கையெழுத்திட்டேன்.’ தாளின் பிரதியையும் ஒட்டினேன். இந்தப் பக்கத்தில் ‘ஐ’ எழுதும்போது கூச்சம் இல்லை.

இன்று காலையில் றெஜி சேரின் மேசையில் வைத்தேன். “எல்லாத்தையும் எழுதியிருக்கிறன் சேர். இருபத்தெட்டாம் திகதிக்குள்ள தாங்க.”  எனக்கே என்னைப் பிடித்திருந்தது.

ஜூலை 28 - திங்கள்

வேலை முடிகிற நேரம் றெஜி சேரே வந்து பதிவேட்டை நீட்டினார். முகத்தைப் பார்க்கவில்லை. “கொண்டு போங்க” என்று மட்டும் சொன்னார்.

அவர் கையெழுத்துப் போடாவிட்டால் என்ன சொல்வது என்று பன்னிரண்டு நாளாகப் பேச்சுத் தயாரித்து வைத்திருந்தேன். நல்ல பேச்சு. அதில் தலைமையகம் வந்தது, தொழிற்சங்கம் வந்தது, கடைசியில் கடவுளும் வந்தார்.

கிராண்ட்பாஸ் சந்தியில் பஸ் நின்றபோது திறந்து பார்த்தேன். எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து. ஏப்ரல் பக்கத்தில், ‘வேலைத்தள வழிகாட்டியின் குறிப்பு’ என்ற கட்டத்தில், நீல மையில் மூன்று வரி:

“ஏப்ரல் 9 அன்று நான் களஞ்சியத்தில் இருக்கவில்லை. மாக்ரெட் இருந்தார். அறிக்கையை எழுதியது நான்.”

வரவில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன மனிதர் இதை எழுதினால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். இந்தப் பதிவேட்டின் பிரதி தலைமையகத்துக்குப் போகும் என்பதும் தெரியும். என்னை மடக்கத்தானே அந்தத் தாளை எடுத்தார், பிறகு ஏன் இது? என் எட்டு வரியை வாசித்த பிறகு அவருக்கு வேறு வழி தெரியவில்லையோ என்னவோ.

இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். திரும்பி நடந்து வந்தேன்.

ஓகஸ்ட் 2 - சனி

நேர்முகம் முடிந்தது. சுபாஷினி மிஸ்ஸும், வெளியே இருந்து வந்த ஒரு பரிசோதகரும். அவர் நேரே ஏப்ரல் 8க்குப் போனார்.

“செவ்வாய்க்கிழமை பாத்திருந்தால்?”

“செவ்வாய்க்கிழமையே பிடிச்சிருப்பன்.”

“ஏன் பாக்கல்ல?”

நியாயம் சொல்ல ஆயிரம் இருந்தது. “சோம்பல் சேர்” என்றேன்.

பேனையைக் கீழே வைத்தார். “இந்தப் பக்கத்த ஒருத்தரும் கேக்கல்லயே. ஏன் சேத்தீங்க?”

“ஒன்பதாம் திகதி என்னுடையது எண்டால், எட்டாம் திகதி வேற ஆருடையது?”

சுபாஷினி மிஸ் தலையைக் குனிந்து ஏதோ எழுதினார். வெளியே வந்ததும் எனக்குப் பசி. காலி வீதிக் கடையொன்றில் நின்று இரண்டு ரோல்ஸ் தின்றேன். நன்றாகச் செய்தேன் என்று தெரியும். தெரிந்ததைத் தெரியாததுபோல நடிக்க வரவில்லை.

ஓகஸ்ட் 19

சித்தியடைந்துவிட்டேன். இரண்டாம் வருடம். அர்பாவும். இரண்டு பேரும் அலுவலக மாடிப்படியில் நின்று சின்னப் பிள்ளைகள் மாதிரிக் குதித்தோம்.

செப்டெம்பர் 8 - திங்கள்

தலைமையகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். றெஜி சேரும் நானும் ஒரே ஓட்டோவில் போனோம். வழியில் அவர் தன் மகளுக்குப் பள்ளிக்கூட இடம் கிடைத்ததைப் பற்றிக் கதைத்தார், நான் இரண்டாம் வருடப் பாடங்களைப் பற்றிக் கதைத்தேன். ஏப்ரலைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை.

முதலில் அவரைக் கூப்பிட்டார்கள். பிறகு என்னை. மனிதவள அதிகாரி இரண்டு உறைகளை மேசையில் வைத்தார். ஒன்றில் பாராட்டுக் கடிதம், ஏப்ரல் 9க்கு. குறைபாட்டைக் கண்டுபிடித்தவர் என்று என் முழுப் பெயர், அறிக்கையும் திருத்தப்பட்டதாகக் குறிப்பு. மற்றதில் எச்சரிக்கைக் கடிதம், ஏப்ரல் 8க்கு. அதிலும் என் முழுப் பெயர்.

வாசலில் றெஜி சேர் தன் உறையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நின்றார். என் கையைப் பார்த்துச் சிரித்தார். ஜூனுக்குப் பிறகு அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது இன்றுதான். “எனக்கு ஒண்டுதான் மாக்ரெட். உங்களுக்கு ரெண்டு.”

அதற்கு முன் உள்ளே, ‘பெற்றுக்கொண்டேன்’ என்ற இடத்தில் ஒப்பமிடச் சொல்லி அதிகாரி பேனையை நீட்டியபோது, கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். இரண்டையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசித்தேன். அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். வாசித்து முடித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.